ஒவ்வாமை மாத்திரைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

மருந்துக் கடையில் தும்மலுக்கு ஒரு மாத்திரை கேட்டால், கடைக்காரர் கைக்கு எட்டிய அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துத் தருவது நம் ஊர்களில் அன்றாட வழக்கம். அந்தத் துண்டில் மருந்தின் பெயர்கூடப் பல நேரம் முழுமையாக இருக்காது. அது செட்ரிசினாக இருக்கலாம், லெவோசெட்ரிசினும் மான்டெலுகாஸ்டும் சேர்ந்த மாத்திரையாக இருக்கலாம், அவிலாகவும் இருக்கலாம், பாராசிட்டமாலும் குளோர்பெனிரமினும் கலந்த சளி மாத்திரையாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் நாம் அலர்ஜி மாத்திரை என்றே சொல்கிறோம். ஆனால் மூளையை எவ்வளவு மந்தப்படுத்தும், சிறுநீரகத்தின் வழியே வெளியேறுமா கல்லீரலில் சிதையுமா, எந்த உணவோடு சேரக் கூடாது என்பவற்றில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடுகள் உண்டு.

செட்ரிசின் போன்ற, தூக்கம் குறைவாகத் தரும் புதிய தலைமுறை மருந்துகளைப் பொறுத்தவரை, தும்மலையும் அரிப்பையும் அடக்கும் ஆற்றலில் ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு சிறியது. ஆகவே, எது வலிமையானது என்று தேடுவதைக் காட்டிலும், தன் வயதுக்கும் வேலைக்கும் உடல்நிலைக்கும் தீங்கின்றிப் பொருந்துவது எது என்று பார்ப்பதே பயனுள்ள ஒப்பீடு. அதைப் படிப்படியாகச் செய்வதற்கே இந்த வழிகாட்டி. இங்கே தரப்படும் அளவுகள், வேறு குறிப்பு இல்லாத இடங்களில், நோயற்ற பெரியவர்களுக்கான வழக்கமான அளவுகள். மருத்துவர் உங்களுக்கென எழுதிக் கொடுத்த அளவு வேறாக இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

மருந்து உடலில் செய்வது என்ன

தூசிச் சிற்றுண்ணி, கரப்பான் பூச்சியின் கழிவு, சீமைக் கருவேலத்தின் மகரந்தம், இறால் என ஏதேனும் ஒன்றை உடல் பகையாகக் கருதிவிட்டால், அதற்கெனவே ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. தோலிலும், மூக்கு, கண், குடல் ஆகியவற்றின் உட்படலத்திலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களின் மேல் அந்த எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே பொருள் மறுபடியும் வந்து படும்போது, மாஸ்ட் செல்கள் தமக்குள் சேமித்து வைத்த ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைச் சில நிமிடங்களில் வெளியே கொட்டுகின்றன. எச்-1 எனப்படும் ஏற்பிகளில் ஹிஸ்டமின் படிந்தவுடன் நரம்பு முனைகள் தூண்டப்பட்டு அரிப்பும் தும்மலும் வருகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் தோலில் தடிப்பு எழுகிறது. மூக்கும் கண்ணும் ஒழுகத் தொடங்குகின்றன.

நாம் விழுங்கும் மாத்திரை வெளிவந்த ஹிஸ்டமினை அழிப்பதில்லை. எச்-1 ஏற்பியைப் பற்றிக்கொண்டு, அதைச் செயலற்ற நிலையில் நிறுத்தி வைப்பதே அதன் வேலை. ஏற்கெனவே கசிந்து தேங்கிய நீரை மருந்தால் உடனே திருப்பி எடுக்க முடியாது என்பதால், ஒட்டடை அடிப்பது போன்ற தூசி கிளப்பும் வேலை இருப்பது முன்பே தெரிந்தால், ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாக மாத்திரை எடுப்பவருக்கே முழுப் பலன் கிடைக்கிறது. ஒவ்வாமையின்போது லுகோட்ரையீன் போன்ற வேறு பொருள்களும் சுரக்கின்றன. மூக்கடைப்பில் அவற்றின் பங்கு பெரிது. தும்மல் நின்ற பிறகும் அடைப்பு மட்டும் நீங்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த நிலையில் மாத்திரையை இரட்டிப்பாக்குவதால் பயன் இல்லை.

முதல் படி: இது மாத்திரைக்குரிய நேரம்தானா?

வேர்க்கடலை, மீன், தேனீக் கொட்டு, ஊசி மருந்து என எதற்குப் பிறகாயினும், உடல் முழுவதும் தடிப்பு எழுவதுடன் மூச்சுத் திணறல், குரல் கம்முதல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், தொடர்ந்த வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அனஃபிலாக்சிஸ் எனப்படும் உயிராபத்தான நிலையாக இருக்கக்கூடும். அதற்கான முதன்மை மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசி மட்டுமே. ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து எதுவும், ஊசியாகப் போடப்படும் அவில் உட்பட, சுருங்கும் மூச்சுக்குழாயைத் திறக்காது. சரியும் இரத்த அழுத்தத்தை உயர்த்தாது. மாத்திரை வேலை செய்யக் குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அனஃபிலாக்சிஸில் அவ்வளவு நேரம் கையில் இருப்பதில்லை. மாத்திரை போட்டுவிட்டுச் சற்றுப் பார்ப்போம் என்று வீட்டில் காத்திருக்கும் வழக்கத்தை நான் மிகவும் அஞ்சுகிறேன். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆகிய அவசர ஊர்தி எண்களை உடனே அழைக்க வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறுபவர் உட்கார்ந்திருக்கலாம். அவரை எழுப்பி நடக்க வைக்கக் கூடாது.

இரண்டாம் படி: உங்கள் தொல்லை எந்த வகையைச் சேர்ந்தது?

அடுக்குத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, மூக்கின் உள்ளும் அண்ணத்திலும் அரிப்பு, கண் அரிப்பு, காணாக்கடி என்று நாம் சொல்லும் திடீர்த் தடிப்பு ஆகியவற்றுக்கு இந்த மாத்திரைகள் நன்றாகப் பயன்படும். கொசுக்கடியால் பெரிய வீக்கம் வருபவர்களுக்கும் செட்ரிசின் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கிறது.

மூக்கடைப்பே உங்கள் முதன்மைத் தொல்லை என்றால், மாத்திரையை விட மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு தெளிப்பான் மேலானது. ஃப்ளூட்டிகசோன், மோமெட்டசோன் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் பலர் அஞ்சி ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இந்தத் தெளிப்பான்களிலிருந்து இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. முழுப் பலன் தெரியச் சில நாள்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும் என்பதால், இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று நிறுத்துவது அவசர முடிவு. உடனடி அடைப்பு நீக்கத்துக்காக விற்கப்படும் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகள் வேறு வகை. அவற்றைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தை நிறுத்தியவுடன் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். கண் அரிப்பு மட்டும் இருப்பவருக்கு ஓலோபடடின் சொட்டு மருந்தே போதும்.

வைரஸால் வரும் சாதாரணச் சளிக்குப் புதிய தலைமுறை மருந்துகளால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. ஆஸ்துமாவுக்கு இவை மருந்தல்ல. இன்ஹேலருக்கு மாற்றாக எடுக்கவே கூடாது. பார்த்தீனியம் செடி பட்டுத் தோல் தடித்துக் கறுத்து உரிவது பெரும்பாலும் ஹிஸ்டமினால் அல்ல, டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களால் வருவது என்பதால், அங்கே மாத்திரை தரும் ஆறுதல் சிறிதே. அப்படிப்பட்டவர் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காணாக்கடி ஆறு வாரத்துக்கு மேல் வந்து வந்து போனால், அதற்கும் கடை மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது. புதிய தலைமுறை மருந்தின் அளவை நான்கு மடங்கு வரை உயர்த்துவதும், அதிலும் அடங்காவிட்டால் ஓமலிசுமாப் ஊசிக்குச் செல்வதும் மருத்துவர்கள் பின்பற்றும் முறை. அளவை உயர்த்தும் முடிவு அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

மூன்றாம் படி: பழைய தலைமுறையா, புதிய தலைமுறையா?

ஒப்பீட்டில் மிகப் பெரிய பிரிவு இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஹிஸ்டமினை எதிர்க்கும் முதல் வேதிப்பொருள் 1937இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயின் ஆய்வில் கண்டறியப்பட்டது. இந்தப் பணியும் அடங்கிய ஆராய்ச்சிகளுக்காக அவர் 1957இல் நோபல் பரிசு பெற்றார். அதைத் தொடர்ந்து வந்த டைபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமின், பெனிரமின், புரோமெத்தசின், ஹைட்ராக்சிசின் ஆகியவற்றைப் பழைய தலைமுறை என்கிறோம். தமிழ்நாட்டில் பலரும் அறிந்த அவில் என்பது பெனிரமின். இலங்கையில் வீட்டுக்கு வீடு தெரிந்த பிரிட்டோன் என்பது குளோர்பெனிரமின். அட்டராக்ஸ் என்பது ஹைட்ராக்சிசின்.

இந்த மருந்துகள் கொழுப்பில் எளிதாகக் கரைந்து மூளைக்குள் நுழைந்துவிடுகின்றன. மூளையில் ஹிஸ்டமின்தான் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் பொருள்களுள் ஒன்று. மூக்கில் அதைத் தடுக்க எடுத்த மருந்து மூளையிலும் அதைத் தடுத்துவிடுவதால் தூக்கமும் மந்தமும் வருகின்றன. ஜப்பானின் தொஹொகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெட் ஸ்கேன் என்னும் படச் சோதனையைக் கொண்டு, ஒவ்வொரு மருந்தும் மூளையின் எச்-1 ஏற்பிகளில் எத்தனை விழுக்காட்டைப் பிடிக்கிறது என்று அளந்தார்கள். குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் பாதிக்கு மேல் பிடித்தன. செட்ரிசின் 10 மி.கி. சுமார் எட்டில் ஒரு பங்கைப் பிடித்தது. ஃபெக்சோஃபெனடின் ஏறக்குறைய எதையும் பிடிக்கவில்லை.

எனக்குத் தூக்கம் வருவதில்லை, அதனால் அவில் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவேன் என்று சொல்பவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஒவ்வாமை உள்ளவர்களை ஓட்டுநர் பயிற்சிப் பொறியில் அமர்த்திச் செய்யப்பட்டு 2000இல் வெளியான ஆய்வில், டைபென்ஹைட்ரமின் 50 மி.கி. எடுத்தவர்கள், மது அருந்தியவர்களை விடவும் மோசமாக ஓட்டினார்கள். ஃபெக்சோஃபெனடின் எடுத்தவர்களின் ஓட்டம், மருந்தில்லாப் போலி மாத்திரை எடுத்தவர்களின் ஓட்டத்தைப் போலவே இருந்தது. தங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று ஓட்டியவர்கள் சொன்னதும், அவர்கள் உண்மையில் ஓட்டிய விதமும் பெரிதாகப் பொருந்தவில்லை என்பதே இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது. விழிப்பாக இருக்கிறேன் என்ற உணர்வு பாதுகாப்புக்குச் சான்றாகாது. பேருந்து, லாரி, ஆட்டோ ஓட்டுபவர்களும், தறியிலும் பட்டறையிலும் நிற்பவர்களும், உயரத்தில் ஏறி வேலை செய்பவர்களும், தேர்வு எழுதும் மாணவர்களும் பழைய தலைமுறை மருந்தை விலக்க வேண்டும். இரவில் எடுத்தாலும் அதன் மந்தம் மறுநாள் காலை வரை நீளக்கூடும்.

தூக்கம் மட்டுமே இவற்றின் தொல்லை அன்று. அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப் பொருளின் வேலையையும் இவை தடுப்பதால் வாய் உலர்கிறது, மலம் இறுகுகிறது, பார்வை மங்குகிறது, சிறுநீர் கழிக்கச் சிரமமாகிறது. பலன் நான்கு முதல் ஆறு மணி நேரமே நீடிப்பதால், நாளில் பல முறை எடுக்க வேண்டியும் இருக்கிறது. மருத்துவமனையில் ஊசியாகப் போடவும், பயணக் குமட்டலைத் தடுக்கவும் இன்றும் இவற்றுக்கு இடம் உண்டு. தினசரி ஒவ்வாமைக்கு இவற்றைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் எதுவும் இல்லை என்பதே என் முடிவு.

புதிய தலைமுறையின் முதல் மருந்துகளுள் ஒன்றான டெர்ஃபெனடின், எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்ற மருந்துகளோடு சேர்ந்தபோது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்தது. அதனால் 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. டெர்ஃபெனடின் உடலில் மாறி உண்டாகும் பொருளே ஃபெக்சோஃபெனடின். அதற்கு இந்த இதயத் தீங்கு இல்லை. பழைய தலைமுறையில் ஹைட்ராக்சிசினுக்கு இதே வகைத் தீங்கு சிறிய அளவில் உண்டு என்பதால், 2015இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் அளவுக்கு வரம்பு விதித்தது. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காம் படி: புதிய மருந்துகளுக்குள் ஒப்பீடு

செட்ரிசின் நாளுக்கு ஒரு முறை 10 மி.கி. எடுக்கப்படுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி ஒரு நாள் முழுதும் நீடிக்கிறது. தோல் அரிப்புக்கும் காணாக்கடிக்கும் நல்ல பலன் தருகிறது. விலை மிகக் குறைவு. எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கிறது. உணவுக்கு முன்போ பின்போ எடுக்கலாம். குறை என்னவென்றால், புதிய தலைமுறையில் சற்று அதிகமாகத் தூக்கம் தருவது இதுவே. அமெரிக்க மருந்துக் குறிப்பேட்டின்படி 10 மி.கி. எடுத்த பெரியவர்களில் 100க்குச் சுமார் 14 பேருக்குத் தூக்கக் கலக்கம் ஏற்பட்டது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 6 பேருக்கு ஏற்பட்டது. எனவே முதல் முறையாக எடுப்பவர், மறுநாள் வண்டி ஓட்ட வேண்டிய தேவை இல்லாத ஓர் இரவில் தொடங்கிப் பார்ப்பது நல்லது.

செட்ரிசினில், கண்ணாடிப் பிம்பம் போல ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு மூலக்கூறு வடிவங்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி வேலையைச் செய்யும் வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்ததே லெவோசெட்ரிசின். ஆகவே அதன் 5 மி.கி., செட்ரிசினின் 10 மி.கி.க்கு ஏறத்தாழ ஈடானது. செட்ரிசின் கேட்காததால் லெவோசெட்ரிசினுக்கு மாறுவது, பெரும்பாலும் அதே மருந்தை வேறு பெயரில் எடுப்பதுதான். தூக்கத்திலும் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க முடியாது.

லோரடடின் 10 மி.கி. நாளுக்கு ஒரு முறை. வழக்கமான அளவில் தூக்கம் மிகக் குறைவு. ஆனால் தொடங்க ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகலாம், அரிப்பை அடக்குவதில் செட்ரிசினை விடச் சற்று மென்மையானது என்றும் கருதப்படுகிறது. கல்லீரலில் லோரடடின் மாறி உண்டாகும் பொருளே டெஸ்லோரடடின். அது 5 மி.கி. அளவில் தனி மாத்திரையாகக் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை.

ஃபெக்சோஃபெனடின் மூக்கு ஒவ்வாமைக்கு 120 மி.கி., காணாக்கடிக்கு 180 மி.கி. என நாளுக்கு ஒரு முறை வழங்கப்படுகிறது. அலெக்ரா என்ற பெயரில் பலரும் அறிந்திருப்பது இதுதான். விழிப்போடு செய்ய வேண்டிய தொழிலில் இருப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. ஆனால் எடுக்கும் முறையில் கவனம் வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் சாறுகள் குடலில் இந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் கணிசமாகக் குறைத்துவிடும். ஆகவே வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும், பழச்சாறு எதையும் அதோடு சேர்க்காமல் இருப்பது நல்லது. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் போன்ற மருந்துகளும் இதேபோல் குறைப்பதால், இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். ஃபெக்சோஃபெனடின் எனக்கு வேலை செய்யவில்லை என்று சொல்பவர், அதைக் காலையில் பழச்சாறோடு எடுத்தாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பிலாஸ்டின் 20 மி.கி. இவற்றுள் பின்னால் வந்தது. தூக்கம் தருவது மிகக் குறைவு, ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்குகிறது. ஆனால் உணவுடன் எடுத்தால் உடலில் சேரும் அளவு சுமார் 30 விழுக்காடு குறைகிறது. உணவுக்கும் பழச்சாற்றுக்கும் ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். காலை எழுந்தவுடன் தண்ணீரோடு விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சிற்றுண்டி உண்பவருக்கு இது எளிது. நேரம் தவறி உண்பவருக்குச் செட்ரிசினோ லோரடடினோ பொருந்தும். எபாஸ்டின், ரூபடடின் ஆகியவையும் இந்த வரிசையில் உள்ளவையே.

பணம் ஒரு பொருட்டு என்றால் அதையும் வெளிப்படையாகக் கணக்கில் கொள்ளலாம். மக்கள் மருந்தகத்திலும் தமிழ்நாட்டின் முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலையில் கிடைக்கும் பொதுப்பெயர் செட்ரிசின், தூக்கம் தராத உடல்வாகு உள்ளவருக்கு, விலை உயர்ந்த எந்த மாத்திரைக்கும் குறைந்ததன்று. ஒரு மருந்தை ஒழுங்காக ஒன்றிரண்டு வாரம் எடுத்தும் பலன் இல்லை என்றால் வேறொரு மருந்துக்கு மாறிப் பார்க்கலாம். அப்போது செட்ரிசினிலிருந்து லெவோசெட்ரிசினுக்கு அல்ல, ஃபெக்சோஃபெனடின் அல்லது பிலாஸ்டின் போல வேறு குடும்பத்துக்கு மாற வேண்டும்.

ஐந்தாம் படி: உங்கள் உடல்நிலையோடு பொருத்திப் பாருங்கள்

சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் செட்ரிசினையும் லெவோசெட்ரிசினையும் தாமாக எடுக்கக் கூடாது. இவை பெரும்பாலும் மாறாமல் சிறுநீரில் வெளியேறுபவை என்பதால் உடலில் தேங்கி, ஆழ்ந்த மந்தத்தை உண்டாக்கும். மருத்துவர் அளவைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைப்பார். டயாலிசிஸ் நிலையில் லெவோசெட்ரிசின் விலக்கப்பட்டது. ஃபெக்சோஃபெனடின், லோரடடின் ஆகியவற்றுக்கும் இவர்களுக்கு அளவு மாற்றம் தேவைப்படலாம். கல்லீரல் நோய் கடுமையாக இருப்பவருக்கு லோரடடினின் அளவைக் குறைக்க வேண்டும்; ஃபெக்சோஃபெனடின் பெரும்பாலும் கல்லீரலில் சிதையாமலே வெளியேறுவதால் அங்கே அது வசதியானது.

முதியவர்களைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்குப் பழைய தலைமுறை மருந்துகளைத் தவிர்க்குமாறு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் வரையறை கூறுகிறது. புராஸ்டேட் வீங்கிய பெரியவர் இரவில் ஒரு சளி மாத்திரை போட்டுக்கொண்டு, காலையில் சிறுநீர் அடைத்து மருத்துவமனைக்குப் போக நேரிடலாம். குறுங்கோணக் கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அழுத்தம் திடீரென ஏறலாம். குழப்பமும் தள்ளாட்டமும் ஏற்பட்டு விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். வீட்டில் தாத்தா திடீரென்று தடுமாறிப் பேசினால், புதிதாக என்ன மாத்திரை கொடுத்தோம் என்று முதலில் பாருங்கள்.

கருவுற்றிருப்பவர்களுக்கு நீண்ட கால அனுபவம் உள்ளவை லோரடடினும் செட்ரிசினும். ஆயினும் மகப்பேறு மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். பாலூட்டும் தாய்மாருக்கும் பொதுவாக இவ்விரண்டுமே விரும்பப்படுகின்றன. பழைய தலைமுறை மருந்து குழந்தையைச் சோர்வாக்குவதோடு பால் சுரப்பையும் குறைக்கக்கூடும்.

குழந்தைகளுக்கு இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை செட்ரிசின் சிரப் வழக்கமாக நாளொன்றுக்கு மொத்தம் 5 மி.கி.க்கு மிகாமல் கொடுக்கப்படுகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குழந்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சமையலறைக் கரண்டியால் அளக்காமல், புட்டியோடு வரும் அளவுக் குவளையைப் பயன்படுத்த வேண்டும். புரோமெத்தசின் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூச்சையே நிறுத்திவிடக் கூடியது. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்தது. அப்படியிருந்தும், பயணத்தில் குழந்தை தூங்க வேண்டும் என்பதற்காக இந்த மருந்துகளை ஊட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். அன்பினாலும் களைப்பினாலும் செய்வதுதான். ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆறாம் படி: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர்; பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதே மருந்து. கத்தரித்துத் தந்த துண்டில் அது இல்லையென்றால், முழு அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் செட்ரிசின் எடுத்தவர், மாலையில் சளிக்கு எடுக்கும் மாத்திரையில் குளோர்பெனிரமினையும், இரவில் இருமலுக்குக் குடிக்கும் சிரப்பில் டைபென்ஹைட்ரமினையும் சேர்த்துக்கொள்வது நம்மிடையே மிகச் சாதாரணமாக நடக்கிறது. பலன் மும்மடங்காவதில்லை; மந்தம் மட்டும் கூடுகிறது. தூக்க மாத்திரையோ மதுவோ அதனோடு சேர்ந்தால் ஆபத்து பெருகும்.

சளிக் கலவைகளில் இருக்கும் ஃபினைலெஃப்ரின், மாத்திரையாக விழுங்கும்போது மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவு செய்தது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பயனற்ற ஒன்றுக்காக அந்தக் கலவையை ஏற்கத் தேவையில்லை.

லெவோசெட்ரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரை இந்தியாவில் மிகப் பரவலாக எழுதப்படுகிறது. மான்டெலுகாஸ்ட் ஹிஸ்டமினை எதிர்ப்பதன்று, லுகோட்ரையீனை எதிர்ப்பது. இந்த மருந்தால் மனச்சோர்வு, கெட்ட கனவு, எரிச்சல், தற்கொலை எண்ணம் ஆகியவை ஏற்படக்கூடும் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க நிர்வாகம் தன் உயர்நிலை எச்சரிக்கையை இட்டு, சாதாரண மூக்கு ஒவ்வாமைக்கு வேறு மருந்துகள் பயன்படாதபோது மட்டுமே இதை எடுக்கச் சொன்னது. ஆஸ்துமாவும் இருப்பவருக்கு மருத்துவர் காரணத்தோடுதான் எழுதியிருப்பார். தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் வெறும் தும்மலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையாக இது இருக்கவே கூடாது. பிள்ளைகள் இதை எடுக்கும்போது நடத்தையில் மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: எடுப்பதும் நிறுத்துவதும்

எப்போதாவது தும்மல் வருபவர் தேவைப்படும் நாளில் மட்டும் எடுத்தால் போதும். குறிப்பிட்ட பருவத்தில் தினமும் தொல்லைப்படுபவர், அந்தக் காலம் முழுதும் ஒரே நேரத்தில் தொடர்ந்து எடுத்தால் பலன் சீராக இருக்கும். ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளையில் இரண்டாக எடுக்க வேண்டாம். தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவது, தூசிச் சிற்றுண்ணியால் துன்பப்படுபவருக்கு மாத்திரையின் தேவையைக் குறைக்கக்கூடும்.

எதனால் ஒவ்வாமை என்று அறியத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குச் செல்பவர், மருத்துவர் சொல்லும் கணக்கில், பொதுவாக ஒரு வாரம் முன்பே இந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும். மருந்து உடலில் இருந்தால் தடிப்பு எழாமல், ஒவ்வாமையே இல்லை என்ற தவறான முடிவு வந்துவிடும்.

செட்ரிசினையோ லெவோசெட்ரிசினையோ மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தினமும் எடுத்தவர்கள் அதை நிறுத்தியபோது, சில நாள்களில் உடல் முழுவதும் கடுமையான அரிப்பு ஏற்பட்ட நிகழ்வுகளைக் குறித்து 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இது அரிதானது, மருந்தைக் கோடிக்கணக்கானோர் எடுக்கையில் 2017க்கும் 2023க்கும் இடையே உலகளவில் பதிவானவை 209 நிகழ்வுகள். இந்த அரிப்பு முன்பு இருந்த ஒவ்வாமை திரும்பியதால் வருவதன்று என்பதைத் தெரிந்துகொள்ளாதவர், மாத்திரை இல்லாமல் தன்னால் வாழவே முடியாது என்று எண்ணிக் காலமெல்லாம் தொடரக்கூடும். பலருக்கு மருந்தை மீண்டும் தொடங்கியதும் அரிப்பு அடங்கியது. அதன் பின் படிப்படியாக அளவைக் குறைத்தபோது சிலரால் நிறுத்தவும் முடிந்தது. ஆகவே நீண்ட நாள் எடுத்த மாத்திரையை விட நினைப்பவர், எந்த மருந்தை, எவ்வளவு காலமாக எடுத்தார் என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரைப் பார்த்து, எந்த வேகத்தில் குறைப்பது என்று கேட்டு அதன்படி நிறுத்த வேண்டும்.